பத்துக்கு ஏழு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். வேலையே இல்லை. ஒவ்வொரு காற்புள்ளியும் அதனதன் இடத்தில். "இந்த விடுமுறைக்கும் வர இயலவில்லை, வேலை அதிகம், மன்னிக்கவும்" என்று சுத்தமாக எழுதியிருக்கிறாய். கடைசியில் சேர்த்திருந்த பின்குறிப்பில்தான் விஷயம் தெரிந்தது. உன் மாமியார் பார்த்துத் திருத்தித் தந்தாராம்.

சந்தோஷம். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கத்தித் தொண்டை வறண்டவள் நான். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இருந்தாலும் சந்தோஷம்தான்.

பிழை கிடைக்குமா என்று மூன்று முறை படித்தேன். "ஆனால்" என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி அநாவசியம். அதை வட்டமிட்டதும் அப்பா, "என்ன, புதையல் கிடைச்ச மாதிரி சிரிக்கிறே?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? போன மாதம் "சோப்பு பெட்டி பூட்டு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று பொருள். அவர் ஒரு சோப்புப் பெட்டியும் பூட்டும் வாங்கி வந்து, சோப்பை யார் திருடப் போறாங்க என்று கேட்டார். அவசரத்தில் காற்புள்ளி போடாதது நான்தான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

உன் பின்குறிப்பில் இன்னொரு வரி உறுத்துகிறது. உன் மாமியார் முதலில் முழுவதும் படித்தாராம். "எழுதும்போது அழுதியாம்மா?" என்று கேட்டாராம். அப்புறம்தான் பேனாவை எடுத்தாராம். வேலை அதிகம் என்பதற்கு யாராவது அழுவார்களா? உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லியிருப்பாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு முதலில் திருத்தியவள் நான் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உன் அலமாரியைத் திறந்தேன். விடுதியிலிருந்து நீ எழுதி, நான் திருத்தித் திருப்பி அனுப்பிய கடிதங்களைக் கட்டி வைத்திருக்கிறாய். மேலே இருந்தது உன் பதினான்கு வயதுக் கடிதம். பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். காய்ச்சல் அடிக்குது யாரும் பேசறதில்லை சாப்பிடப் பிடிக்கலை என்று மூச்சுவிடாமல் ஓடி, "வீட்டுக்கு வரட்டுமா அம்மா" என்று முடிகிறது. அதில் பதினொரு காற்புள்ளிகள் போட்டிருக்கிறேன். ஓரத்தில், "பத்துக்கு ஏழு. நிறுத்தி எழுதப் பழகு."

நீ கேட்டதற்குப் பதில் எங்கும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் நீ எதையுமே கேட்கவில்லை. மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

படிக்கிறவர் மூச்சு வாங்கத்தான் காற்புள்ளி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு மூச்சு முட்டியதைப் பார்க்கவில்லை.

சிவப்புப் பேனாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். செய்தித்தாளில் குறுக்கெழுத்து நிரப்புகிறார். அடுத்த கடிதத்தை யாரிடமும் காட்டாமல் போடு. தப்பும் தவறுமாக, ஒரே மூச்சில் இருக்கட்டும். இந்த ஒரு தடவை, உன் மாமியாருக்கு முன்பே நான் படிக்க வேண்டும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அந்த "ஆனால்" விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

பதினெட்டு வருடம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். வா கண்ணு. வேலை அதிகமாக இருந்தாலும் வா.

நல்லா இரு.

உன் அம்மா