மூன்று நாள் பயிற்சி

ஜனவரி 7, செவ்வாய். பேகம்பூர்
அத்தை இன்று வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை நடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து இருபத்தாறு நாள். வியாகுலம்மாள் என்ற துயரப் பெயருக்கேற்ற முகம் அவருக்கு இருந்ததே இல்லை; வலியிலும் என்னைக் கேலி செய்கிறார். என் கணவர் ஆல்வின் இறந்தபின் இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

ஜனவரி 9
தூத்துக்குடியிலிருந்து மேலாளர் பழனிக்குமார் சார் போன். எங்கள் சரக்கு முனையத்துக்கு, துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி பயிற்சியில் ஒரே ஒரு இடம். என் பெயரை எழுதியிருக்கிறாராம். சென்னையில் மூன்று நாள், கடைசியில் தேர்வு. பதினான்கு வருடமாக வாசலில் நின்று லாரிகளைச் சோதிக்கிற எனக்கா!
"லீவு முடியலை சார், வர முடியாது" என்றேன். அத்தையை யாரிடம் விடுவேன்? குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 10
அத்தைக்குக் கேட்டிருக்கிறது. என் போனிலிருந்து அவரே சாரிடம் பேசிவிட்டார். "லிடியா வாரா சார். பேரை அடிச்சுராதீக."
நான் கத்திவிட்டேன். இம்புட்டுப் பிடிவாதமா? மறுபடி விழுந்தா யாரு தூக்குறது?
மெதுவாகத்தான் சொன்னார்: "இடுப்பு எனக்குத்தானே ஒடஞ்சுச்சு? நீ எதுக்குத் தாயி நொண்டுறே?"
பக்கத்து வீட்டு நசீம் பானு அக்காவிடம் முன்பே பேசி வைத்திருக்கிறார். நான் வரும்வரை அக்கா இங்கேயே இருப்பாராம்.

ஜனவரி 20. சென்னை
முப்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். பாதிப் பேர் கடற்படையில் ஓய்வு பெற்றவர்கள். வேலை எனக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதத்தான் வரவில்லை. ஒத்திகைத் தேர்வில் நாற்பத்திரண்டு. தேற எழுபது வேண்டும்.

ஜனவரி 21
"வந்துரட்டுமா அத்தை?"
"சாப்டியா?"
"ம்."
"அப்பப் படி." போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 22
எழுத்துத் தேர்வு சுமார்தான். நேர்முகத்தில் கேட்டார்கள்: லாரியின் காகிதங்கள் எல்லாம் சரி, பெட்டியின் சீல் எண் மட்டும் மாறியிருக்கிறது, என்ன செய்வீர்கள்? போன வருடம் நான் செய்ததே அதுதான்! வண்டியை ஒதுக்கியது, ஓட்டுநரை மிரட்டாமல் உட்காரவைத்தது, யார் யாருக்குத் தகவல் சொன்னது — எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

பிப்ரவரி 3. பேகம்பூர்
எழுபத்தாறு!
சான்றிதழை நசீம் அக்கா வாசித்தார். என் பெயர் வந்ததும் அத்தை, "இன்னொருக்கா வாசி" என்றார்.

ஏப்ரல் 12. தூத்துக்குடி
மதியம் வாசலிலிருந்து காவலர் முகேஷ்குமார் கூப்பிட்டார். "மேடம், உங்க அம்மா வந்திருக்காங்க."
என் அம்மா இறந்து ஒன்பது வருடம்.
எட்டிப் பார்த்தேன். கைத்தடியோடு அத்தை, தூக்குச்சட்டியோடு நசீம் அக்கா. "உள்ள விடமாட்டேங்கிறாக" என்றார் அத்தை, கொஞ்சம் பெருமையாகவே.
பாஸ் இல்லாமல் யாரையும் விட முடியாது. அந்த உத்தரவில் இருப்பது என் கையெழுத்து. நான்தான் வெளியே போனேன். வேப்பமர நிழலில் மூவரும் சாப்பிட்டோம்.
முகேஷ்குமாரை நான் திருத்தவில்லை.