நீங்கள் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு டி.சி.

டீச்சர்,

இன்று காலை எங்கள் பள்ளிக்குப் புது யூனிஃபார்ம் துணி வந்து இறங்கியது. பண்டலைப் பிரித்ததும் கஞ்சி வாசனை ஆபீஸ் ரூம் முழுக்கப் பரவியது. கிளார்க் பெண் ஆசையாக முகர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இப்படித்தான், இந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்குப் போன மாதம்தான் வந்தது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவர் பேத்திக்கு இடம் கேட்டு வந்திருந்தார். எங்கள் ஊர் டீச்சரம்மா இருந்திருந்தால் இங்கே வரவே விட்டிருக்க மாட்டார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எந்த டீச்சர் என்று கேட்டேன். அவர் சொன்ன அடையாளமெல்லாம் உங்களுடையது. சித்திரையிலேயே காரியம் முடிந்துவிட்டதாம். அவர் போனபிறகு அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. வெளியே அட்மிஷன் வரிசை நின்றுகொண்டிருந்தது.

மத்திகிரியில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷனில் நாம் இருந்தது நாலு வருடம். உங்கள் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை, சனிக்கிழமை பஸ்ஸில்தான் வருவார். நான் கல்யாணம் ஆகாதவள். நீங்கள் அரசாங்கத் தொடக்கப் பள்ளி, நான் டிரஸ்ட் நடத்தும் இங்கிலீஷ் மீடியம். நான் உங்களை டீச்சர் என்பேன், நீங்களும் என்னை டீச்சர் என்பீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதாக ஞாபகமே இல்லை. வேலை விட்டு வந்ததும் ஒருவர் காபி போட, மற்றவர் சண்டையைத் தொடங்கிவைப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். எங்கள் பள்ளி நிற்கும் இடம் ஊர்ப் பொதுநிலம். தர்மத்துக்கு நடத்தும் பள்ளி, வகுப்புக்குக் கால் பங்கு பிள்ளைகளை ஊரிலிருந்து இலவசமாகச் சேர்த்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியது. ஆறு வருடமாக ஒரு பிள்ளையையும் சேர்க்கவில்லை. தர்மம் போர்டில் மட்டும் இருக்கிறது என்று நீங்கள் இழுத்துச் சொல்வீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாக்டரிகள் வந்து நாலு ஜில்லாக்காரர்களும் ஓசூரில் வந்து இறங்கிவிட்டார்கள், எல்லாரும் இங்கிலீஷ் கேட்கிறார்கள், ஒரே அறையில் அஞ்சு வகுப்பு நடத்தும் உங்கள் பள்ளிக்கா அனுப்புவார்கள் என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன்.

"நீங்க பிள்ளைங்கள மட்டும் கூட்டிக்கிட்டுப் போகல டீச்சர். கூரை ஒழுகுதுன்னு ஆபீசுல போயி சத்தம் போடத் தெரிஞ்ச அப்பா அம்மாவையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. மிச்சம் இருக்கறவங்களுக்குக் கேக்கத் தெரியாது."

அதற்காக நீங்களும் ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் ஒரு போஸ்ட் போய்விடும் என்று, ஆபீசர் தலை எண்ண வந்த நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவந்து உட்காரவைத்தீர்கள். அடுத்த வாரம் உங்கள் பிள்ளைகள் அந்த ஊருக்குப் போனார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அது காபிப் பொடி கைமாற்று வாங்குகிற மாதிரி. யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இதை என் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு என் புத்தி எப்படிப் போனது என்று சொல்லவே எழுதுகிறேன்.

டிரஸ்ட் உண்மையிலேயே தர்மம் செய்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் அந்தப் பக்கம்தானே குடியிருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்யுங்கள் என்றார். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பீர்கள் என்று தெரியும். அதனால் உங்களுக்குத் தெரியாமல் நேராக வீடுவீடாகப் போனேன். கல் உடைக்கப் போகிறவர்கள், மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கிறவர்கள். நாளைக்குப் பிள்ளையை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள், யூனிஃபார்ம் நாங்களே தருகிறோம் என்று மட்டும் சொன்னேன். ஒரு நாளைக்கு என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவர்கள் கேட்கவில்லை.

அவர்கள் மத்தியானமே உங்களிடம் போய் டி.சி. கேட்டிருக்கிறார்கள். வேறு பள்ளியில் இடம் கிடைத்தால் முதலில் டி.சி. வாங்க வேண்டும் என்கிற அளவுக்கு அவர்களுக்கு விவரம் இருந்தது. நீங்கள் உட்கார்ந்து பன்னிரண்டும் எழுதினீர்கள். பன்னிரண்டு பேர் குறைந்தால் உங்கள் பள்ளி எண்ணிக்கை என்ன ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படியும் எழுதினீர்கள்.

சாயங்காலம் அதையெல்லாம் ஒரு கவரில் போட்டு நீங்களே கொண்டுவந்தீர்கள். அந்த அம்மாக்கள் தொலைத்துவிடுவார்கள் என்று பயமாம். நான் காபிக்குப் பால் வைத்திருந்தேன். நீங்கள் உட்காரவில்லை. கவரைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நான் பேசினதெல்லாம் தப்பு டீச்சர். உள்ள இருந்துக்கிட்டே செஞ்சிட்டீங்க நீங்க."

பால் பொங்கி வழிந்தது. அதை இறக்குகிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்து குட்மார்னிங் சார் என்றார்கள். அவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு போனார். சாயங்காலம் கஞ்சி வாசனை போகாத யூனிஃபார்மைக் கழற்றி வாங்கி எண்ணி அடுக்கினேன். ஒரு பெண் குழந்தை பட்டனைக் கழற்ற விடாமல் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள். அவள் கையை நான்தான் விலக்கினேன், டீச்சர். அடுத்த நாள் காலை அம்மாக்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் வைத்துக் கூட்டிவந்து கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் மாடியில் ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். யாரோ ஓடிவந்து சொல்லி, நீங்கள் வந்தீர்கள். கேட்டைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி உங்கள் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனீர்கள்.

டிரஸ்ட் மேல் மனு எழுதினீர்கள். விசாரணை எங்கள் ஆபீஸ் ரூமில்தான் நடந்தது. நீங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு விசாரணை ஆபீசர் எங்கள் பைலில் இருந்த அந்த டி.சி. கவரைத் திறந்து மேஜையில் பரப்பினார். இது உங்கள் கையெழுத்துதானே அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றீர்கள். காரணம் என்ற இடத்தில் நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தார். நல்ல பள்ளியில் இலவசமாக இடம் கிடைத்ததால். பன்னிரண்டிலும் அதே வரி. பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்டார்.

"அவங்களே வராம நின்னுட்டாங்க சார்," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தீர்கள். நான் டி.சி.களைப் பொறுக்கித் திரும்பக் கவரில் போட்டேன். மனு தள்ளுபடி ஆயிற்று.

ராயக்கோட்டைப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, குழாயடியில் உங்களை மறித்தேன். என்மேல் கோபமா என்று கேட்டேன். கேட்கத் தகுதியில்லாத கேள்விதான். நீங்கள் குடத்தை இறக்கி வைத்தீர்கள்.

"உங்களுக்காகப் போகல டீச்சர். டி.சி. எழுதினது நான்தானே. நானும் கூட்டுன்னு அந்த அம்மாங்க நினைக்கறாங்க. முகத்தப் பாக்க மாட்டேங்கறாங்க."

அதற்குப்பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம். ராயக்கோட்டை என்ன காசியா? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நான் வரவில்லை. இந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆகிவிட்டேன், அதைக் கேட்டு நீங்கள் என்ன சொன்னீர்களோ. ஊரிலிருந்து இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை என்று சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறேன். கால் பங்கு என்று வாய்விட்டுக் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை. பள்ளி நடத்தும் டிரஸ்டுகளுக்கு வரிச்சலுகை எதற்கு என்று பேப்பரில் இரண்டு பக்கமும் மாறிமாறி எழுதுகிறார்கள். அடுத்த வாரம் தனியார் பள்ளிகள் சார்பில் கிருஷ்ணகிரியில் கூட்டம், என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவைத்துவிட்டேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதைப் படித்துக்காட்டினால் இரண்டாவது வரியிலேயே நிறுத்திச் சண்டைக்கு வர ஆள் இல்லை. இங்கே எல்லாரும் நான் சொல்வதற்குத் தலையாட்டுகிறார்கள். இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் கவரோடு வந்த அன்று ஏன் உண்மையைச் சொல்லாமல் விட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாளாளருக்குப் பயந்து இல்லை. வேலை போய்விடும் என்றும் இல்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக நீங்கள், தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தை விட மனம் வரவில்லை. இதுதான் நிஜம். அன்று அடுப்படியில் சொல்ல வேண்டியதை, கேட்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாளைக்குத்தான், டீச்சர். இந்த டி.சி. கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று அந்த அம்மாக்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.