ஆட்டுக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரியா?

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. ஊரார் படிக்கிற கடிதம் என்றாலும் வேறு வார்த்தை வரவில்லை. உங்கள்மேல் உள்ள பிரியம் இம்மியும் குறையவில்லை. ஆனால் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ரிட்டயர் ஆனதும் பெரம்பலூர் வீட்டில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். நீங்களோ வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, "சும்மா பொழுதுபோக்குக்குத்தான் சரோசா" என்றீர்கள். அடுத்த மாதமே இரண்டு பெட்டை ஆடும் ஒரு கிடாவும் வந்து இறங்கின. ஆயுசு முழுக்க ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மனுசன் நீங்கள். ஆட்டை எப்படிக் கட்டுவது என்றுகூட நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

வந்த அன்றே மூன்றும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துக் காட்டுப் பருத்தியில் இறங்கிவிட்டன. அந்தக் காட்டுக்காரி செல்லம்மா வரப்பில் நின்று கத்தினாள். "ஏங்க சார், நீங்க ஆடு வளக்க எங்க பருத்திதான் கெடச்சுதா?" நீங்கள் வேலிமுள்ளில் சட்டை கிழிய ஓடிப் பிடித்தீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாட்டுப் பொங்கலன்று என்ன செய்தீர்கள், ஞாபகமிருக்கிறதா? ஆட்டுக்கும் பண்டிகைதானே என்று ஒரு அன்னக்கூடை நிறையப் பொங்கலை வைத்தீர்கள். வெள்ளைப் பெட்டை அத்தனையும் தின்றுவிட்டு வயிறு தம்பட்டம்போல் உப்பிப் படுத்துக்கொண்டது. அதை மொபெட்டில் தூக்கிவைத்து, பின்னால் என்னைப் பிடிக்கச் சொல்லி, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தீர்கள். "சோத்தப் போயி இவ்வளவு போடலாமா சார்? கொஞ்சம் தாமசமாயிருந்தா போயிருக்கும்" என்று டாக்டர் திட்டியபோது பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையை ஆட்டினீர்கள். திரும்பி வரும்போது எனக்கு உபதேசம் வேறு. "பாத்தியா, ஒடனே கூட்டிட்டு வந்ததால பொழச்சுது. வாயில்லா சீவனுக்கு நாமதான் பாக்கணும்."

அது வாயில்லாத ஜீவன். உங்களுக்கு வாய் இருந்ததே?

சித்திரையில் அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்கள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாயுப் பிடிப்புடி. ஓமத்தண்ணி குடு, சரியாயிடும்."

"ஆட்டோ கூப்புடுறேன்."

"போலாம், போலாம். ஆட்டுக்குத் தழ போட்டுட்டு வந்துடுறேன்."

மொபெட்டில் நிலத்துக்குப் போனீர்கள். கொட்டகை வாசலில் அகத்திக் கட்டோடு சாய்ந்து கிடந்த உங்களைச் செல்லம்மாதான் முதலில் பார்த்தாளாம். தழைக்கு என்ன அவசரம்? ஒரு வேளை பட்டினி கிடந்தால் செத்தா போயிருக்கும் அந்த ஆடுகள்? ஆட்டின் வயிறு உப்பினால் ஓடத் தெரிந்த உங்களுக்கு, ஏன் உங்கள் நெஞ்சு அவ்வளவு இளக்காரமாகப் போயிற்று? என்னைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

உங்கள்மேல் மட்டுமல்ல கோபம். உங்கள் அண்ணன் செய்ததையும் கேளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கறிச்சோறு. நான் உள் அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். கறி எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவரிடம் சும்மாதான் கேட்டேன். "கட எதுக்கு? தம்பி வளத்த கிடா சும்மாதான நின்னுச்சு. அவன் ஆடு அவன் காரியத்துக்கு ஆவட்டும்" என்றார். உங்கள் உள்ளங்கையில் பொட்டுக்கடலை தின்ற கிடா, இலைபோட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குழம்பாகிக்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தினாரா? "மதியத்துக்கு மேல யாவாரி வரான். பெட்டைங்களையும் தள்ளி வுட்டுடலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. "வெள்ளை சினையா இருக்குது. அது மேல யாராச்சும் கை வெச்சீங்க, நடக்கறது வேற!"

"பொம்பள இப்புடிப் பேசுறதா? நாலு பேரு சாப்புட்டுக்கிட்டு இருக்காங்கல்ல?"

"அந்தக் கொட்டகைக்கு ஒரு கீத்து தூக்கிக் குடுத்திருக்கீங்களா நீங்க? ஆபீசரு ஆடு மேய்க்கிறாருன்னு சிரிச்சீங்க. இப்ப கறி மட்டும் இனிக்குதா?"

அப்படியே எழுந்து வாசலைத் தாண்டி நடந்தேன். யாரோ பின்னால் வந்து கையைப் பிடித்தார்கள், உதறிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் என் வெறும் நெற்றியையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நான் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாவாரி வந்தான். பெரியவர் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா களைக்கொட்டோடு வரப்பேறி வந்துவிட்டாள். "அக்கா விக்கல தம்பி. பேசுன ஆளுகிட்டயே போயி ஆட்டக் கேளு, கெளம்பு." உங்களைத் திட்டியே பழகிய அந்த வாய் அன்று எனக்காகப் பேசியது. அவன் போனதும் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புழுக்கைமேலேயே உட்கார்ந்து அழுதோம்.

உங்கள் அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வாரம் மத்தியானம் வெள்ளை குட்டி போட்டது. முதல் குட்டிக்கு ஒரு கால் மடங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. "பயப்படாத அக்கா, கைய வுடு, காலத் தடவி நேராக்கு" என்று செல்லம்மா சொல்லச் சொல்ல நான்தான் கையை விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு உங்களைத் திட்டிக்கொண்டே இழுத்தேன். இந்த வேலையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே என்று கத்தினேன். இரண்டு குட்டிகள். இரண்டும் பால் குடிக்கின்றன. அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்பதில் இன்னும் பத்து மடங்கு கோபம் வந்தது.

வெள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அதே டாக்டர், "சார் வரலீங்களா?" என்றார். சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஆடுகளை விற்க மாட்டேன். தழை வெட்டுவேன், கொட்டகை கூட்டுவேன், யார் சிரித்தாலும் காலை பஸ்ஸில் போய் இறங்குவேன். இதெல்லாம் சத்தியம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதற்கு இன்னும் நாள் ஆகும். அதுவரை திட்டு வாங்கிக்கொண்டு இருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை முடியாத உங்கள் பொண்டாட்டி,
சரோஜா