திரையில் என்ன தெரிகிறது, அத்தை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் நாலைந்து தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. என் மகள் கோபித்துக்கொண்டு பெட்டியோடு இங்கே வந்துவிட்டால், நான் உங்களுக்கு அத்தை இல்லாமல் போய்விடுவேனா? அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பாருங்கள்.

முதலில் கம்ப்யூட்டர் சமாசாரம். புதன்கிழமை காலையில் அது படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நான் டைப் செய்து தரும் கேள்வித்தாள்கள் அத்தனையும் அதற்குள்ளே. மறுநாள் கொடுத்தாக வேண்டும். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று விட்டுவிட்டுக் கத்துகிறது. திரை மட்டும் கறுப்பு.

முன்பு நீங்கள் போனில் சொல்லிக்கொடுத்திருந்தபடியே எல்லாம் செய்தேன். பின்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். மானிட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். ஊஹும். உங்கள் மாமா வந்து பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். அவருடையது ரேடியோ காலத்து வைத்தியம். அதற்கும் அது மசியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் உங்கள் மனைவி எழுந்து வந்தாள். வந்த நாளிலிருந்து ஜன்னலோரமே கதி என்று கிடந்தவள். தள்ளும்மா என்றாள். பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத்து மூடியைக் கழற்றினாள். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டையை எடுத்தாள். அதுதான் மெமரியாம். அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கிற தங்க நிறக் கோடுகளை என் அழிரப்பரால் மெல்லத் தேய்த்தாள், துணியால் துடைத்தாள், டக்கென்று சத்தம் வரும்வரை திரும்ப அமுக்கினாள். திரை வந்துவிட்டது, மாப்பிள்ளை! கேள்வித்தாளும் பத்திரம்.

யாருடி சொல்லித் தந்தது, மாப்பிள்ளையா என்று கேட்டேன். அவரு எங்க சொல்லித் தந்தாரு, மௌசைப் பிடுங்கிக்கிட்டு எல்லாத்தையும் அவரே பண்ணிடுவாரு, நான் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன் என்றாள். சொல்லும்போது சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. அப்புறம் மூடியை மாட்டாமலே அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே போய் அழுதாள்.

அதிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் எப்போது போன் செய்தாலும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, திரையில என்ன தெரியுது அத்தை என்பதுதான். நான் ஒரு சிவப்புக் கட்டத்தைச் சொல்ல ஊரைச் சுற்றி வருவேன். நீங்கள் குறுக்கே பேசியதே கிடையாது. அங்கிருந்து உங்களுக்குத் தெரியாது, அதனால் கேட்டீர்கள். அவளிடம் அப்படிக் கேட்டதுண்டா? பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டீர்கள்.

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிறவர் நீங்கள். எனக்கு அது பெருமைதான். ஆனால் இந்த வேலை மாற்றத்திலும் அதையேதானே செய்தீர்கள்? சரி என்று எழுதிக் கொடுத்து, புது ஊரில் வீடும் பார்த்து முடித்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தீர்கள். இப்போது இருக்கிற ஊரில் அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இனி பேச என்ன இருக்கு, அதான் முடிவு பண்ணிட்டாரே என்கிறாள். என் மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மாதக் கடைசியில் நீங்கள் கிளம்புவதாக உங்கள் மாமா கேள்விப்பட்டு வந்து சொன்னார். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, உடனே வாருங்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். என்ன செய்ய, அது இப்போது குதிரை மாதிரி ஓடுகிறது. சும்மாவே வாருங்கள். அவள் கழற்றிய மூடியை இன்னும் யாரும் மாட்டவில்லை. ஸ்குரூவை நான் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன தெரியுது என்று கேளுங்கள். அவள் சுற்றி வளைத்துத்தான் சொல்வாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. அவள் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருப்பீர்கள்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
அத்தை