வலது கை நடுவில்

பென்னலூர்,
5.6.2011, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் பயப்படாதே. பேனா பிடிக்கிற மூன்று விரலும் நன்றாகத்தான் இருக்கின்றன. தாளில் ஊன்றிக்கொள்ளத்தான் மற்ற இரண்டும் இல்லை. போனில் பேசலாம் என்றால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் உன் அங்கன்வாடி முகவரிக்கு எழுதுகிறேன்.

காயம் ஆறிவிட்டது. விரலை வாங்கிய பிரஸ் மிஷினை விட்டு மாற்றி, பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். இடது கையாலேயே ஒட்டுகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது, கேள். எங்கள் ஹாஸ்டல் வார்டன் இசைவாணி அக்கா விளையாட்டு டீச்சருக்குப் படித்தவர். அந்தக் காலேஜில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் அவருக்கு இங்கிலாந்து கிராமத்து ஆட்டம் சொல்லிக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் டிவி முன்னால் கிடப்பது பொறுக்காமல், பன்னிரண்டு பேரை விசில் ஊதி மாடிக்கு ஏற்றிவிட்டார். எதிரெதிராக ஆறு பேர், ஆறு பேர். ஒரு வரிசை ஆண்களாம். அவர்களுக்கு அடையாளம், கழுத்தில் கம்பெனி அட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஓர் இடம் நகர வேண்டும், புது ஜோடி எதிரே வரும். குன்றத்தூர் சர்ச்சில் வயலின் வாசிக்கும் ஏசுவடியான் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறார். நாங்கள் வெட்கப்படக் கூடாதாம்.

என்னையும் நிற்க வைத்துவிட்டார்கள். கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே சமாளித்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குப் பேசியிருக்கும் வனமாமலை வீட்டில் விரல் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா?

உன் தங்கை,
முத்துச்செல்வி

நாங்குநேரி,
14.6.2011

அன்புத் தங்கை செல்விக்கு,

கடிதம் கண்டேன். பாப்பா உன் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இல்லை, சொல்லவில்லை. சிறிய வெட்டுக்காயம், தையல் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று நாளும் அதையேதான் இந்த வீட்டிலும் சொல்லி வைத்தேன். உன் அத்தானுக்கே தெரியாது. வனமாமலை அவருக்குச் சித்தி பையன். ஒரகடத்தில் நிரந்தர வேலை. அம்மா அப்பா இல்லாத பெண்ணுக்கு இது தானாக வந்த இடம். நிச்சயம் முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்டம் கீட்டம் எல்லாம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடினாலும் யாரும் படம் எடுக்காமல் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
சுகப்பிரியா

பென்னலூர்,
10.7.2011, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்டச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம் குன்றத்தூர் சர்ச் மண்டபத்தில் நாங்கள் ஆடப் போகிறோம். கொலுசு போடலாமா கூடாதா என்று ஹாஸ்டலே இரண்டு கட்சி ஆகிவிட்டது. நாச்சியார் இன்னமும் இடம் வலம் தெரியாமல் எல்லோரையும் இடிக்கிறாள்.

இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் ஆட்டத்தில் நான்கு பேர் வலது கையை நடுவில் ஒன்றாகக் கோத்துக்கொண்டு சுற்ற வேண்டும். நான் வழக்கம் போல இடது கையைக் கொடுத்தேன். நான் ஒரு பக்கம், மற்ற மூவரும் ஒரு பக்கம். என் ஜோடி கங்காவின் நெற்றி என் பல்லில் மோதியது. வார்டன் வயலினை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இருக்கிறத குடு. மிச்சத்த அவ புடிச்சிக்கினு வருவா" என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கொடுத்தேன். கங்கா ஒரு நிமிஷம் தயங்கினாள், பிறகு மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம்தான் நகர்ந்துகொண்டே இருக்குமே, ஒருவர் விடாமல் என் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். அடுத்த முறை வந்தபோது திறந்திருந்தாள். இறங்கி வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் அக்கா. துக்கம் இல்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அவர்களிடம் சொல்லிவிடேன். பொய்யைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

முத்துச்செல்வி

நாங்குநேரி,
28.7.2011

செல்வி,

அவசரமாக எழுதுகிறேன். வனமாமலையின் அம்மா, எங்கள் சின்ன அத்தை சொர்ணம்மாள், பிள்ளைப்பாக்கத்தில் மகன் தங்கியிருக்கும் ரூமைப் பார்க்க வருகிறார்கள். அந்த மண்டபத்து நிகழ்ச்சிக்கும் வருவார்களாம். உன்னை எதார்த்தமாகப் பார்க்கத்தான். நிகழ்ச்சி இருப்பதை என் மாமியார்தான் அவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

நீ ஆடாதே. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார். கைக்குட்டையோடு கையை மடியில் வைத்துக்கொள். எதைக் கொடுத்தாலும் சேலை முந்தானையை விரித்து வாங்கு, மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். போன வெள்ளிக்கிழமை சின்ன அத்தை என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள். "விரலு கிரலு ஒண்ணும் போவலையே தாயி?" என் மாமியாரும் உன் அத்தானும் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் பாப்பா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பாப்பா தும்மினால்கூட எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சுகப்பிரியா

பென்னலூர்,
3.8.2011

அக்கா,

ஆடவில்லை. வார்டனிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் கேட்காமல் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டார். என் ஜோடி கங்காவுக்கும் இடம் போயிற்று. அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பாப்பா தலையில் ஏன் அக்கா கை வைத்தாய்? என் தலையில் வைத்திருக்கலாமே.

செல்வி

பென்னலூர்,
16.8.2011

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சின்ன அத்தை வியாழக்கிழமை இரவு ரயில் ஏறுகிறார்கள். அதற்கு முன்னால் இது உனக்குக் கிடைக்க வேண்டும்.

நீ சொன்னபடியேதான் உட்கார்ந்திருந்தேன். சேலை, மடியில் கைக்குட்டை. சின்ன அத்தை அருமையாகப் பேசினார்கள். வனமாமலை இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். ஐந்து ஜோடிதான். நாச்சியார் ஒருவரையும் இடிக்கவில்லை. அந்த நான்கு கை ஆட்டம் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன். சரியாகக் கை கொடுக்கிற இடத்துக்கு வயலின் வரும்போது, சின்ன அத்தை இந்தப் பக்கம் திரும்பி, கோயில் பிரசாதம் என்று கையை நீட்டினார்கள்.

முந்தானை நினைவுக்கே வரவில்லை அக்கா. என் வலது கை தானாகப் போய்விட்டது. நான்கு ஞாயிறு பழக்கம். எதிரே ஒரு கை வந்தால் அது போய்விடுகிறது.

அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். துளசியை உள்ளங்கையில் வைத்து, மூன்று விரலையும் அவர்களே மடக்கிவிட்டார்கள். எப்போது நடந்தது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சின்ன அத்தை சொன்னார்கள்:

"விரல் போனதச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். வேண்டாம்னும் சொல்லியிருப்பேன், சரின்னும் சொல்லியிருப்பேன். பிள்ளை தலையில கை வச்சுப் பொய் சொல்லுத இடத்துல எப்படித் தாயி சம்பந்தம் வைக்க?"

இதைப் போனில் பேச மாட்டேன், உன்னிடம் நேரில்தான் கேட்பேன் என்றார்கள். எழுந்துபோய் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு கங்கா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைசி ஆட்டத்தை ஆடினேன். அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

என்னால் உன் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவர்கள் வந்து சொல்லும் முன் அத்தானிடம் நீயே சொல்லிவிடு. உடனே பதில் எழுது.

செல்வி

நாங்குநேரி,
22.8.2011

அன்புள்ள செல்விக்கு,

கூரியர் வியாழக்கிழமை வந்தது. அன்று சாயங்காலமே அத்தானிடம் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சின்ன அத்தை வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். மாமியார் நான்கு நாளாக என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அத்தான் இன்று காலையில்தான் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று கேட்டார். ஆமாம், அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான் என்ன பாடு பட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். டாக்டர் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல் என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு பிரசாதம் வாங்கத் தெரியவில்லையே என்று உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் காப்பி வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன். மூன்று நாளும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்கள், ஊர் பேர் தெரியாத அவர்கள். சின்ன அத்தைகூட மடக்கிவிட்டார்கள். உன் கையை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை செல்வி.

சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வருகிறேன். அத்தான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தால் இந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. டிக்கெட் ரிசர்வ் ஆகவில்லை, எந்தப் பெட்டி என்று சொல்ல முடியாது, நீதான் தேட வேண்டும். ஒரு கையில் பாப்பா இருப்பாள். இன்னொரு கையில் பை இருக்கும். பையை வாங்க வராதே, அதைக் கீழே வைத்துவிடுகிறேன். நீ கையைக் கொடு.

உன் அக்கா,
சுகப்பிரியா