வயா காசிமேடு

இன்று சாயங்காலம் ராயபுரம் பாலத்தடியில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "திருவொத்தியூர், வயா காசிமேடு" என்று கத்தினார். ஏறக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். "ஏறும்மா, இன்னா யோசன?" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். உன்னைத்தான் யோசித்தேன்.

கப்பல் சரக்கு ஆபீசில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஐரோப்பா போகும் சரக்குக்கெல்லாம் 'வயா கொழும்பு' என்று தட்டித் தட்டி விரல் தேய்ந்தது. அது லத்தீன் வார்த்தை, பாதை என்று அர்த்தம், சிலுவைப்பாதைக்கும் லத்தீனில் அதே சொல்தான் என்று கோயில் பாதரிடம் கேட்டுவந்து அலட்டிக்கொண்டாய். "அப்ப கொழும்புல சரக்கு தங்காதா?" என்றேன். "தங்காதுடி. தொட்டுட்டுப் போயிகினே இருக்கும். அங்க அதுக்கு வூடு கெடயாது" என்றாய்.

உன் கதை பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டவள் நீ. டி.எச். ரோட்டில் போனால் சீக்கிரம் வீடு சேரலாம். நீயோ தினமும் காசிமேடு வழியாகப் போகும் ஆட்டோவில்தான் ஏறுவாய், என்னையும் இழுத்துக்கொண்டு. துறைமுகத்து டிரெய்லர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு நான் உன்னைத் திட்டாத நாளில்லை. ரோட்டோரம் உன் அம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பார். உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எறங்கிப் பேசேன்டி" என்பேன். "மூஞ்சத் திருப்பினப்புறம் இன்னாத்தப் பேசுறது? அம்மா நல்லாத்தான் கீது, போதும்" என்பாய்.

நீ செத்துப்போனபோது சேதி சொல்லியும் அம்மா வரவில்லை. கோயிலில் அடக்கப் பூசைக்கு நேரமாகிறது, டி.எச். ரோட்டிலேயே போய்விடலாம் என்றார் உன் வீட்டுக்காரர். சாவு வீடு என்றும் பார்க்காமல் நான் சண்டை போட்டேன். கடைசியில் அவரே சவ வண்டி டிரைவரிடம், "காசிமேடு வயா போப்பா" என்றார்.

அம்மா அதே இடத்தில் இருந்தார், கூடை இல்லாமல். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மீனு காலைலயே வித்துப் பூடும்மா. இவ பாத்துட்டுப் போவட்டும்னுதான் தெனம் சாயங்காலம் வெறுங்கூடைய வெச்சிகினு குந்தியிருப்பேன்."

அது உன் காதில் விழவில்லை. உன்னிடம் சேரவேண்டிய அந்தப் பேச்சை நான்தான் வைத்திருக்கிறேன்.