இலையின் கசப்பு வெள்ளையாக வந்தது

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். இது செத்துப்போன என் அண்ணனுக்கு.

என் ராசா அண்ணா,

காய்ச்சலில் நீ போனபின் நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. உன் அறைக்கு மட்டும் பூட்டு. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

"ஏனுங்க மாமா, பையன் ஊட்டுக்குள்ள சாராயமா காச்சறான்?" என்று பக்கத்து வீட்டு மணியண்ணன் கேலி செய்வாரே, அதை அப்பா இப்போது நிஜமாகவே நம்புகிறார். "அந்த ஸ்பிரிட்டுதான் எம்பையனக் குடிச்சுப்போட்டுது. விடிஞ்சதும் எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிப்போடறேன்" என்று இன்று சாப்பிடும்போது சொன்னார்.

ஆனால் அண்ணா, நீ பாதியில் விட்டதை நான் முடித்துவிட்டேன்!

இருமலுக்குக் கொடுக்கும் ஆடாதோடை இலையின் மருந்தைப் பிரித்தெடுக்க, அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வற்றவிட்டு, வினிகர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்திருந்தாய் அல்லவா? அடுத்து ஊற்றவேண்டிய அமோனியா புட்டியில் சொட்டுக்கூட இல்லை. சுண்ணாம்பும் வினிகரை முறிக்கும் காரம்தானே என்று அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து அதை அப்படியே வழித்துப் போட்டேன். எல்லாம் திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. உன் கடைசிச் சாற்றைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன். மறுநாள் பார்த்தால் கசடு அடியில் படிந்து, மேலே தெளிவு. அதை மட்டும் இறுத்து, கசப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று நீ சொன்ன குளோரோபாம் விட்டுக் குலுக்கினேன். கனமான அது கீழே தனியாகப் போய் நின்றது. அதைப் பீங்கான் தட்டில் பிடித்து, ஜன்னலோரம் வைத்து, ஆவியாக விட்டேன்.

இன்று பார்த்தேன். தட்டில் வெள்ளை ஊசிகள், அண்ணா! பனியைவிட மெலிசு. நாக்கு நுனியில் ஒன்றை வைத்தேன். அவ்வளவு கசப்பு. பச்சை போய், வாசனை போய், கசப்பு மட்டும் உருவம் எடுத்து வந்திருக்கிறது. நம் வேலியில் ஆடுகூடக் கடிக்காத செடிக்குள்ளே இதுவா இருந்தது? இருமலைப் பிடித்து நிறுத்துவது இதுதானா? இதைப் பார்க்காமலா போனாய்?

தட்டை ஒளித்துவைக்கலாம் என்றுதான் வந்தேன். மனசு வரவில்லை. ஒளித்தால் நீ சாராயம் காய்ச்சியவனாகவே இருந்துவிடுவாய். அப்பா கொட்டுவதற்கு முன்னால் இதை அவர் உள்ளங்கையில் வைப்பேன். இது சத்தியம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"ஆரு உள்ள? அம்முணி, நீயா?"

அப்பா. தட்டை எடுத்துக்கொண்டேன், அண்ணா. தாழைத் திறக்கிறேன். உன் தங்கச்சி